யாழ்ப்பாணத் தீவுகளுக்குப் படகுப் பயணம்: கொழும்பிலிருந்து புறப்படுவோருக்கு முழுமையான வழிகாட்டி

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் குடும்பங்களும் ஆலயக் குழுக்களும் தீவுப் பயணத்தை வெள்ளவத்தையில் பஸ் ஏறும் நேரத்திலிருந்தே கணக்கிடத் தொடங்குகின்றன. பஸ் எத்தனை மணிக்குச் சேரும், அங்கிருந்து படகுத்துறையான குறிகட்டுவானுக்கு எவ்வளவு நேரம், முதற் படகு எது என்று முன்னோக்கியே எண்ணிக்கொண்டு போவதால், எந்தப் படகில் திரும்புவது என்ற கேள்வி நெடுந்தீவுத் துறையில் நிற்கும்போதுதான் எழுகிறது. இப்பயணத்தைத் தீர்மானிப்பவை காற்றும், திரும்பி வரும் கடைசிப் படகும்தான். உறவினர்களுக்கும் அயலவர்களுக்கும் இதனை ஒழுங்குசெய்து கொடுத்து, புதிதாக வருவோர் எங்கெங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனித்த பின்னர், கீழுள்ள வரிசையிலேயே வேலைகளைச் செய்யுமாறு கேட்பவர்கள் அனைவருக்கும் சொல்லி வருகிறேன்.

1. தரைவழியாகச் செல்லும் தீவுகளையும் படகில் மட்டும் செல்லும் தீவுகளையும் பிரித்து எழுதுங்கள்

மண்டைதீவு, வேலணை, அதே தீவிலுள்ள ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, காரைநகர் ஆகியவற்றுக்கு வாகனத்திலேயே போகலாம். பண்ணைப் பாலம் வழியாக வேலணைக்கும், அங்கிருந்து வாணர் பாலம் வழியாகப் புங்குடுதீவுக்கும், மறுபுறம் பொன்னாலைப் பாலம் வழியாகக் காரைநகருக்கும் வீதி உண்டு. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகிய நான்குக்கும் படகைத் தவிர வேறு வழியில்லை.

இந்தப் பிரிவினையை முதலிலேயே செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தரைவழித் தீவுகளை எந்த நேரத்திலும், மழையிலும் காற்றிலும்கூடப் பார்த்துவிடலாம். படகுத் தீவுகளுக்கு நேரமும் கடலும் ஒத்துவர வேண்டும். ஆகவே படகுத் தீவுகளுக்குரிய நாட்களை முதலில் குறித்துவிட்டு, மிஞ்சும் இடைவெளிகளில் மற்றவற்றை நிரப்ப வேண்டும்.

முதன்முறை போகிறவர்களுக்கு நெடுந்தீவும் நயினாதீவும் போதும். இரண்டுக்கும் படகு புறப்படுவது புங்குடுதீவின் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து. அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறையிலிருந்து படகு உண்டு. ஆனால் சேவைகள் குறைவு, தங்கவும் உண்ணவும் வசதி குறைவு. அங்கே உறவினர் இருந்தால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கச்சதீவைப் பற்றியும் பலர் கேட்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அங்கு மக்கள் குடியிருப்பு இல்லை. ஆண்டுதோறும் பெப்ரவரி அல்லது மார்ச் மாதத்தில் நடைபெறும் புனித அந்தோனியார் திருவிழாவுக்கு மாத்திரம், அதற்குரிய ஏற்பாடுகளின்படி யாத்திரிகர்கள் அழைத்துச் செல்லப்படுகிறார்கள். சாதாரணச் சுற்றுலாத் திட்டத்தில் அதற்கு இடமில்லை.

2. மாதத்தைக் காற்றைப் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள்

கொழும்பில் நாம் விடுமுறையைப் பார்த்து மாதத்தைத் தெரிவுசெய்கிறோம். தீவுப்பகுதியில் இருப்பவர்கள் வாடையையும் சோளகத்தையும் பார்த்துத்தான் நாள் குறிப்பார்கள். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவ மழையும் வாடைக்காற்றும்; மே முதல் செப்டெம்பர் வரை சோளகக் காற்று. இவற்றுக்கிடையே பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். வயதானவர்களும் சிறுவர்களும் வருவதாயின் இந்தக் காலத்தையே நான் சொல்வேன். வெயில் கடுமையாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் வெயிலுக்குத் தொப்பியும் தண்ணீரும் போதும், அலைக்கு அப்படியொரு மருந்து இல்லை.

பாக்குநீரிணைப் பகுதி ஆழம் குறைந்த கடல். ஆழம் குறைந்த நீரில் காற்று வீசும்போது அலை நீண்டு உருளாமல் குறுகலாகவும் அடுத்தடுத்தும் எழும். படகு ஓர் அலையிலிருந்து நிமிர்வதற்குள் அடுத்தது வந்து மோதும். காலிமுகத்திடலில் நின்று கடலைப் பார்த்துப் பழகியவர்கள் கரையிலிருந்து இதனைச் சிறிய அலை என்று நினைத்துவிடுகிறார்கள். படகுக்குள் இருந்தால்தான் அதன் அடி தெரியும்.

பயணத்துக்கு மூன்று நாட்களுக்கு முன்பிருந்து வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பிராந்திய முன்னறிவிப்பைத் தினமும் பாருங்கள். கொழும்புக்குரிய நகர வானிலையைப் பார்ப்பதில் பயனில்லை. புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்பு என்று வரும் பகுதியைத்தான் வாசிக்க வேண்டும். அதில் காற்றின் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரை எட்டும் என்றோ கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்றோ வந்தால், நெடுந்தீவை அன்றைய திட்டத்திலிருந்து நீக்கிவிடுவதே எனது வழக்கம்.

மாதம் முடிவான பின்னர் நாளைப் பாருங்கள். சனி, ஞாயிறு, போயா தினங்களில் நயினாதீவில் நாகபூஷணி அம்மன் ஆலயத்துக்கு வருவோரும், நாகதீப விகாரைக்குத் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வருவோரும் ஒரே துறையில் கூடுவார்கள். ஆனி மாதத்தில் அம்மன் ஆலயத்தின் 16 நாள் மகோற்சவம் நடக்கும். திருவிழாவுக்காகவே போகிறீர்கள் என்றால் அது வேறு பயணம். தீவைப் பார்ப்பதற்காகப் போகிறவர்கள் வாரநாளில் போவது நல்லது.

3. வருபவர்களின் பட்டியலை எழுதிவிட்டுத்தான் இடங்களை முடிவுசெய்யுங்கள்

பெயர், வயது, நடக்கும் வலு, கடற்பயணத்தில் வாந்தி வருமா, தினமும் எடுக்கும் மருந்து எவை என்பவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலானோர் தவறவிடும் படி இதுதான். அம்மம்மாவுக்கு முழங்கால் வலி என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் துறையின் விளிம்பிலிருந்து ஆடிக்கொண்டிருக்கும் படகுக்குள் ஓர் எட்டு வைத்து இறங்க வேண்டும் என்பதும், நயினாதீவுக்குச் செல்லும் மரப்படகுகளிற் சிலவற்றில் தலையைக் குனிந்து கீழ்த்தட்டுக்குள் போய் அமர வேண்டும் என்பதும் யோசனையில் வருவதில்லை.

நிற்கவும் குனியவும் முடியாதவர்களை நெடுந்தீவுக்கு அழைத்துச் செல்ல வேண்டாம் என்பது எனது கருத்து. நயினாதீவுப் பயணம் ஏறக்குறைய 20 நிமிடந்தான். துணைக்கு இருவர் இருந்தால் அவர்களும் போய்வரலாம். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் அல்லது அதற்குச் சற்று மேல் ஆகும், அதுவும் திறந்த கடலில். குழுவை இரண்டாகப் பிரித்து, நெடுந்தீவு நாளில் மூத்தவர்கள் யாழ்ப்பாணத்திலேயே தங்குவதில் எந்தக் குறையும் இல்லை.

4. திரும்பும் படகிலிருந்து பின்னோக்கி நேரம் போடுங்கள்

நெடுந்தீவுக்குப் பகலில் ஓடும் படகுகள் எண்ணிக்கையிற் குறைவு. காலையில் குறிகட்டுவானிலிருந்து புறப்பட்டு, பிற்பகலில் நெடுந்தீவிலிருந்து திரும்புவதே வழமை. நேரங்கள் காலத்துக்குக் காலம் மாறுவதால் பழைய அட்டவணையை நம்பாமல் முதல் நாளே கேட்டு உறுதிசெய்ய வேண்டும்.

கணக்கை இப்படிப் போடுங்கள். கடைசிப் படகு பிற்பகல் 2.30 மணிக்கு என்று சொல்லப்பட்டால், 2.00 மணிக்கு நீங்கள் துறையில் நிற்க வேண்டும், ஏனெனில் படகு நிறைந்துவிட்டால் முன்னதாகவே கயிற்றை அவிழ்த்துவிடுவதும் உண்டு. அப்படியானால் 1.45 மணிக்குத் தீவுச் சுற்றை முடித்திருக்க வேண்டும். காலை 9.30 மணியளவில் தீவில் இறங்கினால் நான்கு மணித்தியாலத்துக்குச் சற்று மேல் கையில் இருக்கும். யாழ்ப்பாண நகரிலிருந்து குறிகட்டுவான் 30 கிலோமீட்டருக்கு மேல். வான் வண்டியில் ஒரு மணித்தியாலம், 776 இலக்கப் பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம் வரை ஆகும். துறையில் அரை மணித்தியாலக் காத்திருப்பையும் சேர்த்தால், காலை 6.30 மணிக்கு விடுதியை விட்டுப் புறப்பட வேண்டும் என்பது தானாகவே வந்துவிடும்.

முன்னோக்கிக் கணக்கிடுபவர்கள் ‘காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மெதுவாகப் போகலாம்’ என்று எட்டு மணிக்குக் கிளம்பி, படகைத் தவறவிட்டுவிட்டு, துறையில் கிடைக்கும் படகுக்குப் பேரம் பேசிக்கொண்டிருப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

5. நாட்களின் வரிசை

இரவு பஸ்ஸில் அதிகாலை ஐந்து மணிக்கு யாழ்ப்பாணத்தில் இறங்கி, முகம் கழுவிவிட்டு நேரே குறிகட்டுவானுக்குப் போவது கொழும்பாரின் வழக்கமான திட்டம். இதை மாற்றுங்கள். ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உட்கார்ந்தே வந்து, சரியாகத் தூங்காமல், வெறும் வயிற்றில் படகேறினால் வாந்தி நிச்சயம்.

முதல் நாள் ஓய்வெடுத்துவிட்டு மாலையில் தரைவழித் தீவுகளுக்குப் போங்கள். வேலணையில் சாட்டிக் கடற்கரை, காரைநகரில் கசூரினா கடற்கரை இரண்டும் மாலைக்கு ஏற்றவை. ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குக் கடலைக் கடக்கும் ‘பாதை’ எனப்படும் மிதவையில் போனால் சிறுவர்களுக்குக் குறுகிய நீர்ப்பயணம் ஒன்று பழக்கமாகும். ஆனால் பாதை பழுதடைந்து நிற்கும் நாட்களும் உண்டு. உங்கள் வானை ஏற்றுவார்களா என்பதையும் முன்கூட்டியே கேட்க வேண்டும். இரண்டு கரைக்கும் நடுவே தெரியும் கடற்கோட்டைக்குப் போக விரும்பினால், அதைக் கடற்படையினர் விடுதியாக நடத்துவதால், காரைநகர்ப் பக்கத்திலிருந்து அவர்களின் படகில்தான் போக வேண்டும்.

இரண்டாம் நாள் நெடுந்தீவு. மூன்றாம் நாள் நயினாதீவு. இந்த வரிசைக்குக் காரணம், காற்றால் முதலில் தடைப்படுவது நெடுந்தீவுப் பயணந்தான். இரண்டாம் நாள் படகு ஓடாவிட்டால் அன்றே நயினாதீவுக்கு மாறிக்கொண்டு, மூன்றாம் நாள் நெடுந்தீவுக்கு மீண்டும் முயலலாம். நெடுந்தீவைக் கடைசி நாளுக்கு வைத்தால் அந்த வாய்ப்பு இல்லை.

ஒரே நாளில் இரண்டையும் முடிக்கலாமே என்று கேட்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். வாடகைப் படகு பிடித்தால் முடியும். ஆனால் நெடுந்தீவில் இரண்டு மணித்தியாலம் ஓடித்திரிந்துவிட்டு, பூசை முடிந்த பிறகு நயினாதீவில் வந்து இறங்கி, இரண்டையும் பார்த்தோம் என்று சொல்வதற்கு மாத்திரந்தான் அது உதவும்.

6. பொதுப் படகா, வாடகைப் படகா?

நெடுந்தீவுக்கு ஓடும் குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை போன்ற படகுகள் முதலில் அந்தத் தீவு மக்களுக்கானவை. ஆசிரியர்கள், அலுவலர்கள், வைத்தியசாலைக்கு வந்து திரும்பும் நோயாளிகள், அரிசி மூடைகளோடும் எரிவாயு உருளைகளோடும் வருபவர்கள் எல்லோருக்கும் அதுவே ஒரே வழி. விடுமுறை நாளில் நாற்பது பேர் கொண்ட குழு முன்கூட்டியே வந்து இருக்கைகளை நிரப்பினால், ஊரவர் ஒருவர் துறையில் நின்றுவிடுவார். எட்டுப் பத்துப் பேர் வரை பொதுப் படகில் போங்கள். ஊரவர் ஏறும்வரை பொறுத்திருந்து ஏறுங்கள். அதற்கு மேற்பட்ட குழுவாயின் தனிப்படகை வாடகைக்குப் பிடிப்பதே முறை. இதில் நான் எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

வாடகைப் படகு பேசும்போது விலையை மட்டும் கேட்டுவிட்டு முடித்துவிடாதீர்கள். போகவர இரண்டுக்குமான கட்டணமா, தீவில் எத்தனை மணித்தியாலம் காத்திருப்பார்கள், அனுமதிக்கப்பட்ட ஆட்தொகை எவ்வளவு, சிறுவர் அளவிலான உயிர்காப்பு அங்கிகள் எத்தனை உண்டு, கடல் மோசமானால் முற்பணம் திரும்பக் கிடைக்குமா என்பவற்றைப் படகோட்டியிடமே கேளுங்கள். இடைத்தரகர் எல்லாவற்றுக்கும் ‘ஓம்’ என்றுதான் சொல்வார். படகோட்டி ‘நாளைக்குக் காற்று, வேண்டாம்’ என்று சொன்னால் அந்தப் பேச்சுக்கு மேல் பேச்சு வேண்டாம். கூடுதலாகப் பணம் தருகிறோம் என்று அவரை வற்புறுத்துவது உங்கள் பிள்ளைகளின் உயிரைப் பேரம் பேசுவதாகும்.

7. கொழும்பிலேயே ஆயத்தப்படுத்த வேண்டியவை

பெரியவர்கள் அனைவரும் தேசிய அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும்; துறையில் கடற்படையினர் கேட்கலாம். படகுக்கும் முச்சக்கர வண்டிக்கும் சில்லறையாகப் பணம் வேண்டும். வாந்தி மாத்திரையைக் கொழும்பிலேயே வைத்தியரிடம் அல்லது மருந்தகத்தில் கேட்டு, வயதுக்குரிய அளவையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் படகு ஆடத் தொடங்கிய பின் விழுங்கிப் பயனில்லை. புறப்படுவதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன்பாவது எடுக்க வேண்டும்.

நெடுந்தீவில் நன்னீர் அரிது. ஒருவருக்கு இரண்டு லீற்றர் என்ற கணக்கில் தண்ணீர்ப் போத்தல்களை யாழ்ப்பாணத்திலேயே வாங்கி ஏற்றுங்கள். வெறும் போத்தல்களைத் திரும்பக் கொண்டுவரப் பை ஒன்றும் வேண்டும். தீவில் போடும் குப்பை தீவிலேயே கிடக்கும்.

நயினாதீவுக்கு ஆண்கள் வேட்டி கட்டுவது வசதி, ஏனெனில் அம்மன் ஆலயத்துக்குள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். விகாரைக்குத் தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை வேண்டும். கைபேசியையும் பணப்பையையும் நீர் புகாத பொலித்தீன் உறைக்குள் வைத்துக் கட்டுங்கள்.

8. துறையிலும் படகிலும்

குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகும் நயினாதீவுப் படகும் ஒரே துறையிலிருந்துதான் புறப்படுகின்றன. கூட்டத்தோடு கூட்டமாகப் போய் மற்றைய வரிசையில் நின்றுவிடுவது புதியவர்களின் வழக்கமான தடுமாற்றம். வாய்விட்டுக் கேளுங்கள்: ‘அண்ணை, இது எங்க போற படகு?’

ஏறும்போது படகு அலையோடு மேலே வரும் கணத்துக்காகக் காத்திருந்து எட்டு வைக்க வேண்டும். கைகொடுக்கும் படகுக்காரர் உங்கள் விரல்களைப் பிடிக்க மாட்டார், மணிக்கட்டைப் பிடிப்பார்; நீங்களும் அவருடைய மணிக்கட்டைப் பிடியுங்கள், வியர்வையில் விரல் வழுக்கும். பைகளை முதலில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு ஏறுங்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறாமல், முதலில் ஏறிய ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் பின்னர் ஏறுங்கள்.

உயிர்காப்பு அங்கியைக் கழுத்தில் மாட்டிவிட்டு நாடாக்களைத் தொங்கவிடுவது பெருந்தவறு. நீரில் விழுந்தால் கட்டாத அங்கி தலைக்கு மேலாகக் கழன்று போய்விடும். சேலைக்கு மேலே கட்டுவது அசௌகரியம் என்று சொல்லும் மாமிமாருக்கும் கட்டிவிட்டுத்தான் நீங்கள் உட்கார வேண்டும்.

வாந்தி வருபவர்கள் படகின் நடுப்பகுதியில் அல்லது பின்புறத்தில், காற்றுப் படும் இடத்தில் அமர்ந்து தொடுவானத்தைப் பார்க்க வேண்டும். முன்பகுதியில் ஆட்டம் அதிகம். கீழ்த்தட்டில் டீசல் மணமும் இயந்திரச் சூடும் வயிற்றைப் புரட்டும்.

9. நெடுந்தீவில் தூரத்தை முதலில் முடியுங்கள்

மாவிலித்துறையில் இறங்கியதும் முச்சக்கர வண்டிகளும் பிக்கப் வாகனங்களும் நிற்கும். முதல் நாளே ஒருவரோடு தொலைபேசியில் பேசி வைத்தால் நேரம் மிஞ்சும். மதியச் சாப்பாட்டுக்கும் அவரிடமே சொல்லிவிடலாம். சாப்பாட்டுக் கடைகள் குறைவாதலால், சொல்லிவைக்காத குழுவுக்குத் திடீரென்று சோறு கிடைப்பது அரிது.

ஏறக்குறைய 50 சதுரகிலோமீட்டர் பரப்புள்ள தீவு இது. நடந்து பார்க்க இயலாது. துறைக்கு அருகிலுள்ள பெருக்கு (பாவோபாப்) மரத்தையும் பழைய புறாக்கூட்டுக் கட்டடத்தையும் கோட்டை இடிபாடுகளையும் முதலில் பார்ப்பது எல்லோரும் செய்யும் தவறு. அவற்றில் நேரம் கரைந்தபின், தெற்கேயுள்ள குவிந்தா கோபுரத்துக்கும் குதிரைகள் மேயும் வெளிக்கும் போவதற்கு அவகாசம் இராது. தெற்கு முனைக்கு முதலில் போய், அங்கிருந்து துறையை நோக்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வாருங்கள். அப்போது நேரம் தட்டுப்பட்டாலும் துறைக்கு அருகிலேயே நிற்பீர்கள்.

குதிரைகளைத் துரத்திப் படமெடுக்க வேண்டாம், உணவும் கொடுக்க வேண்டாம். கோடையில் குடிநீருக்கே அலையும் விலங்குகள் அவை. ஓட வைத்தால் களைத்துவிடும். வாகனத்தை நிறுத்தி அமைதியாக நின்றால் அவையே மேய்ந்தபடி அருகில் வரும். முருகைக்கல் வேலிகளிலிருந்து நினைவுக்காக ஒரு கல்லை எடுப்பவர்களும் இருக்கிறார்கள். சாந்து இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வேலி அது. கீழேயுள்ள ஒரு கல்லை உருவினால் அடுத்த மழைக்குள் ஒரு முழம் சரிந்துவிடும்.

10. நயினாதீவில்

இங்கு படகுகள் அடிக்கடி ஓடுவதால் நேரக் கட்டுப்பாடு குறைவு. அம்மன் ஆலயத்தடியில் ஒரு துறையும் விகாரைக்கருகில் ஒரு துறையும் உண்டு. இரண்டுக்குமிடையே பத்து நிமிட நடை. எந்தத் துறையில் கூடுவது என்பதை இறங்கும்போதே குழுவுக்குச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாதிப்பேர் ஒரு துறையிலும் மீதிப்பேர் மற்றதிலும் நிற்பார்கள். நண்பகல் பூசைக்குப் பிறகு ஆலயத்தில் அன்னதானம் உண்டு. பெரிய குழுவாகப் போகிறவர்கள் முன்கூட்டியே அறிவிப்பது சமைப்பவர்களுக்குச் செய்யும் உதவி.

11. திரும்பும் கடலும் கொழும்புப் பயணச்சீட்டும்

காலையில் கண்ணாடி போலிருந்த கடல் பிற்பகலில் காற்றெழுந்து மாறிவிடுவது வழக்கம். போகும்போது ஒன்றும் ஆகவில்லை என்று திரும்பும் பயணத்துக்கு மாத்திரை எடுக்காமல் விடுபவர்களே அதிகம் அவதிப்படுகிறார்கள். வைத்தியர் சொன்ன இடைவெளியைக் கணக்கிட்டு, தீவைவிட்டுப் புறப்படுமுன் அடுத்த மாத்திரையைக் கொடுங்கள். மதியத்தில் வயிறு முட்டச் சாப்பிட விடாதீர்கள்.

கொழும்புக்கான இரவு பஸ்ஸையோ புகையிரதத்தையோ நெடுந்தீவு நாளுக்கே பதிவுசெய்யாதீர்கள். படகு ஒரு மணித்தியாலம் தாமதித்தாலும் குழு முழுவதும் பதற்றத்தில் துறையை நோக்கி ஓடும், அந்த ஓட்டத்தில்தான் கால் தவறுவது. நயினாதீவு நாளின் இரவுக்குப் பதிவுசெய்யுங்கள், பிற்பகல் 3.00 மணிக்குக் குறிகட்டுவானை விட்டால், யாழ்ப்பாணத்தில் குளித்து, உடை மாற்றி, பனங்கட்டியும் ஒடியலும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறலாம்.